எதுவரை வந்திருக்கிறாள்

மெழுகு பூசித் துடைத்து முடித்த காரின் டிக்கியில் ஒரு கைத்தடம் இருந்தது.

கொடியில் காய்ந்த துணிகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவள் முதலில் அதைத் தாண்டிப் போய்விட்டாள். வாசல்படியில் கால் வைத்த பிறகுதான் அந்தத் தடத்தின் அளவு மனதில் உறைத்தது. திரும்பி வந்தாள். அந்தி வெளிச்சத்தில் காரின் கறுப்பு, விளிம்புவரை நிறைந்து அசையாமல் நிற்கும் தண்ணீரைப் போல இருந்தது. போர்டிகோவின் தூண், பூட்டிய கேட்டின் கம்பிகள், துணிக்குவியலோடு அவள், எல்லாம் அதற்குள் தெளிவாக நின்றன. மெழுகின் வாசனை தொண்டையில் வழுவழுப்பாக ஒட்டியது. பக்கத்தில் எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நம்பர் பிளேட்டுக்குச் சற்று மேலே, அந்தக் கறுப்பில் யாரோ மூச்சு விட்டதுபோல் மங்கலாக, விரல்கள் விரிந்த ஒரு சின்ன உள்ளங்கை.

கணவர் குளிக்கப் போயிருந்தார். காலையிலிருந்து அவர் காரோடுதான் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரிகூட மதில்மேல் கையூன்றிக் கேலி பேசிவிட்டுப் போனாள்: "உங்க வீட்டுக்காரர் தேய்க்கிற தேய்ப்புல ஒரு நாள் கார் கரைஞ்சு ஸ்டியரிங்தான் மிஞ்சப் போகுது, பாருங்க. எங்காளு குளிக்கும்போது தன் முதுகைக்கூட இப்படித் தேய்ச்சது இல்ல." சொன்ன பிறகு, எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைவு வந்து, "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று உள்ளே ஓடிவிட்டாள். தெருவில் எல்லோரும் அப்படித்தான். அந்தக் காரை இன்னும் வைத்திருக்கிற மனிதனுக்கு நெஞ்சில் என்ன கல்லா என்று அவர்கள் கேட்காமல் கேட்டார்கள். இரண்டு வருடமாக அவளும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காரை அவள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

துணிகள் தோளிலிருந்து நழுவின. அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

சுண்டுவிரல் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அந்த வளைவுக்காக, மகள் பிறந்த வாரமே அவர்கள் டாக்டரிடம் ஓடியிருக்கிறார்கள். "அப்பாவுக்கும் அப்படித்தானே இருக்கு, விடுங்க" என்று டாக்டர் சிரித்தார்.

"வாலு," என்றாள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். வீட்டில் வாலுதான்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. மஞ்சள் துணி ஒரு சுற்றுச் சுற்றியது. தடம் போய்விட்டது.

"மழைத்துளி," என்றார் அவர். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மழை எங்க பெஞ்சுது?"

துடைக்கும்போது அவர் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். இருட்டில் சொந்த வீட்டின் சுவிட்சைத் தேடாமல் தொடுவது போல, கை நேராகப் போயிருந்தது.

"எத்தனை நாளா இது நடக்குது?"

துணியை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"முதல்லேர்ந்தே."

அந்தக் காலத்தில் அது ஒரு விளையாட்டு. அவர் மெழுகு போட்டு முடித்ததும் வாலு ஓடிவந்து பளபளப்பில் கையைப் பதித்துவிட்டு ஒளிந்துகொள்ளும். "வீட்டுக்குள்ள திருடன் புகுந்துட்டான்!" என்று அவர் கத்துவார். மனைவியின் கையை வாங்கித் தடத்தோடு அளந்து பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரியின் கையைக்கூட மதிலுக்கு மேல் வாங்கி அளப்பார். கடைசியில்தான் வாலுவின் முறை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அது சிரிக்கிற சிரிப்பு. அன்றைக்கு வேலை பாதியில் இருக்கும்போது வெயில் காரின்மேல் ஏறிவிட்டது. வெயிலில் காய்ந்தால் மெழுகு திட்டுத்திட்டாக இறுகிவிடும் என்று, நிழலுக்குத் தள்ளி நிறுத்த அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். வேலை முடிந்துவிட்டது என்று வாலு நினைத்துவிட்டது. டிக்கிக்குப் பின்னால் கையைத் தயாராக வைத்துக்கொண்டு குனிந்திருந்தது. அப்போது அதற்கு ஐந்து வயது.

"அதைத் துடைக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

"நீ பார்க்கக்கூடாதுன்னுதான்."

"அப்படின்னா எதுக்கு மெழுகு போடறீங்க? தூசியோட விட்டா யாருக்கும் தெரியாதே."

அவர் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

"போடலன்னா எதுவரைக்கும் வந்திருக்காள்னு தெரியாதும்மா."

குழாய் சொட்டும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தாழ்ந்த குரலில் அவர் சொல்லிக்கொண்டே போனார். தடம் எப்போதும் கேட் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். அப்புறம் பின்கதவு. முன்கதவு. வீட்டுப் பக்கம்தான் வரும். வீட்டை ஒட்டிய முனையைத் தொடப்போகிறது என்று தெரிந்தால் அவர் காரைத் திருப்பி நிறுத்திவிடுவார். மறுபடி கேட்டிலிருந்து அது தொடங்கவேண்டும். சில வாரம் கார் தெருவைப் பார்த்தும் சில வாரம் வீட்டைப் பார்த்தும் நிற்பது ஏன் என்று அவள் யோசித்ததுண்டு.

"வித்துத் தொலைச்சிருக்கலாமே."

"வித்தா," என்றவர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டார். "வாங்குறவன் வீட்டுக்குப் போயிடுவாளே."

இரண்டு வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல்முறை. அவளுக்கு இரக்கம் வரவில்லை. உள்ளே எதுவோ கிழிந்தது.

"என் புள்ள வீட்டுக்கு வழி தேடிக்கிட்டிருக்கா. ஒவ்வொரு தடவையும் கிட்ட வரும்போது கொண்டுபோய் கேட்டுல விட்டுட்டு வந்திருக்கீங்க. பெத்தவர்தானே நீங்க?"

"அது நம்ம வாலு இல்லம்மா. கிட்ட வரவர அந்தக் கையைப் பார்க்கணும் நீ. பெருசாகுது."

"இப்ப ஏழு வயசு ஆயிருக்கும். வளராதா?"

அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கி மதிலுக்கு அப்பால் எறிந்தாள். வாசல்படி ஏறி, வீட்டுக் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தாள். உள்விளக்கின் வெளிச்சம் படிகளில் இறங்கி, காரின் முன்பக்கம்வரை போய் நின்றது. அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"வா கண்ணு," என்றாள். "அம்மா இங்க இருக்கேன்."

வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு பின்கதவின் பளபளப்பு ஓரிடத்தில் மங்கியது. ஐந்து விரல்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு வயதுக் கை. பென்சில் சீவித் தரச்சொல்லி நீட்டியிருக்கவேண்டிய கை.

அடுத்தது பின்கதவின் கண்ணாடியில். விரல்கள் நீண்டிருந்தன. அம்மாவின் வளையல்களைக் கழற்றிப் போட்டுப் பார்த்திருக்கும் இது. முன்கதவில், இன்னும் பெரியது. கோபித்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்தியிருக்கும். பக்கக் கண்ணாடியில் படிந்தது அவள் கையளவே இருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்திருக்கும் கை. கிடைக்காமல் போன அத்தனை வருடங்களும் கண்ணெதிரே ஒவ்வொன்றாக வந்து போயின. அவள் ஒவ்வொன்றுக்கும் அழுதாள்.

பானெட்டின்மேல் அடுத்தது.

அவள் கையைவிடப் பெரியது.

அதற்கும் ஒரு வயது தேடினாள். கிடைக்கவில்லை.

அதற்கடுத்த தடத்தின் விரல்கள் ஹெட்லைட்டிலிருந்து தொடங்கி பானெட்டின் நடுவரை நீண்டன. சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

"கதவைச் சாத்து," என்றார் அவர், நிமிராமல். "உன் கால்ல விழறேன். இப்ப சாத்திடு. அதுக்கு மேல கார் இல்லம்மா."

அவள் கை தாழ்ப்பாளைத் தொட்டது. குளிர்ந்த இரும்பு. இழுத்தால் போதும்.

இடுப்பருகே புடவை அசைந்தது.

காற்று இல்லை.

மறுபடி. சின்ன இழுப்பு. தூக்கம் வந்த குழந்தை தூக்கிக்கொள்ளச் சொல்லிக் கொசுவத்தை இழுக்கும் இழுப்பு.

அவள் தாழ்ப்பாளை விட்டாள். கண்களை மூடிக்கொண்டாள். குனிந்து, கைகளை விரித்து, தூக்கினாள்.

எடை இருந்தது. இடது இடுப்பில், அதே இடத்தில், அதே எடை. கழுத்தில் முகம் புதைந்தது. முடியில் மெழுகு வாசனை. இரண்டு வருடமாக உள்ளே இறுகிக் கிடந்த எல்லாம் ஒரே மூச்சில் தளர்ந்தது.

"வந்துட்டியாடா தங்கம்."

கண்களைத் திறந்தாள். இடுப்பைக் குனிந்து பார்க்கத் துணிவில்லை. கணவரைப் பார்த்தாள்.

அவர் எழுந்து நின்றிருந்தார். அவர் கண்கள் அவள் இடுப்பில் இருந்தன. பிறகு தோளில். பிறகு அவள் தலைக்கு மேலே.

நிலைப்படிக்கு மேலே.

இன்னும் மேலே.

போர்டிகோவின் கூரையைத் தொட்டும் அவை நிற்கவில்லை. கூரையோடு வளைந்து, மெதுவாக, முன்னோக்கி நகர்ந்து வந்து, அவர் தலைக்கு நேர் மேலே நின்றன.

அவர் வாய் திறந்தது.

இடுப்பில் இருந்தது சிணுங்கியது.

அவள் பிடியை இறுக்கிக்கொண்டாள்.