நிரன், இன்னொரு தடவை கொல்லு!

"இன்னொரு தடவை கொல்லு!"

கேப்டன் ப்ரயூன் கத்தினார்.

நிரன் கையில் ஒரு கத்தரிக்காய். நீளமான பச்சைக் கத்தரிக்காய். நிஜமான கல் குழவி போலீஸ் சீலுக்குள் இருந்ததால், அதற்குப் பதில் இது!

கூடத்துத் தரையில் கான்ஸ்டபிள் சகோன் பூப்போட்ட கைலி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு கிலோ. கழுத்தில் ஓர் அட்டை.

'இறந்தவர்.'

"சீக்கிரம் கொல்லு தம்பி... கால் மரத்துப் போச்சு!" என்றார் இறந்தவர்.

ஜன்னலுக்கு வெளியே ஊரே சிரித்தது.

பான் சாய் தோங்கில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. வாசலுக்கு நேரே கடல். மணலில் சாய்வு நாற்காலிகள். யாரோ கணவாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பாங்காக்கின் மூக்குக்கண்ணாடிக் கடையில் வருஷம் முழுக்க அடுத்தவர் கண்களைச் சோதிக்கும் நிரன், ஐந்து நாள் லீவில் இதைப் பார்க்கத்தான் ரயிலேறி வந்தான்.

திங்கட்கிழமை வந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, அரிசிக் கஞ்சி குடிக்க மாடியிலிருந்து இறங்கினான்.

விடுதிக்காரி அம்போன் அக்கா கூடத்தில் கிடந்தாள். தலையைச் சுற்றி ரத்தம்! பப்பாளிக்காய் சாலட் இடிக்கும் குழவி அவன் காலில் இடறியது. எடுத்து உரலில் வைத்தான்.

அவ்வளவுதான் செய்தான்.

அதில் அவன் விரல் ரேகை மட்டுமே இருந்ததாம்.

"ஒத்துக்கிட்டா தண்டனை பாதி தம்பி," என்று இரண்டு நாள் கேப்டன் அன்பாகவே சொன்னார். "ஒத்துக்கலைன்னா முழுசு. கணக்கு உனக்கே தெரியுமே!"

மூன்றாம் நாள் நிரன் கையெழுத்துப் போட்டான்.

இதோ, ஒப்புக்கொண்டவன் ஊர் முன்னால் நடித்துக் காட்ட வேண்டிய நாள். கேமராக்கள் வந்துவிட்டன.

முதல் தடவை வாசலிலேயே தப்பு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான்.

"டேய்! கொலை பண்ண வர்றவன் செருப்பைக் கழட்டி வைப்பானா?"

"வீட்டுக்குள்ள எப்படி சார் செருப்போட..."

இரண்டாம் தடவை முன்பக்கமாக வந்து ஓங்கினான்.

"பின்னாலேர்ந்துடா! காயம் பின்மண்டையில! நீதானே கொன்னே, மறந்துட்டியா?"

"சார்... நான் கொல்லவே இல்ல சார்."

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"அப்ப கொலையும் உன்னோடது!"

கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து அவன் தோளில் விழுந்தது.

"அக்கா கையால சோறு தின்னுட்டு அவளையே கொன்னியேடா, பாவி!"

நிரன் கடலைப் பார்த்தான். கடல் அவன் பக்கம் திரும்பவில்லை. ஒருவேளை நான்தான் கொன்றேனோ? ஏழு மணிக்கு முன்னால், தூக்கத்தில், எனக்கே தெரியாமல்... ச்சே! இரண்டு நாள் ஒரே பொய்யைச் சொன்னால் அதற்கு முகம் முளைத்துவிடுகிறது.

நிருபர் லம்டுவான் செல்போனை நீட்டினாள். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. சின்னப் பெண், பெரிய குரல்.

"கேப்டன், ஒரு நிமிஷம்! மூணே நாள்ல பிடிச்சிட்டீங்களே, எப்படி?"

கேப்டன் தொப்பியைச் சரி செய்தார்.

"திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் மாகாணத் தலைநகர்ல எனக்கு மீட்டிங்மா. செவ்வாய் சாயங்காலம் வந்தேன், அதுக்குள்ள பாடியை எடுத்துட்டாங்க. போட்டோவைப் பார்த்தேன், பையன் முழியைப் பார்த்தேன். முடிஞ்சுது!"

"இறந்தவங்களைத் தெரியுமா?"

"முகம்கூடத் தெரியாது. இந்த வீட்டுக்குள்ள இன்னிக்குத்தான் முதல் தடவையா காலெடுத்து வைக்கிறேன்."

"இன்னிக்கு ராத்திரியே கேஸ் முடிஞ்சிடுமா?"

"இவன் ஒழுங்கா கொன்னா இப்பவே முடிஞ்சிடும்!"

மறுபடி சிரிப்பு.

"நிரன்! மூணாவது தடவை. கடைசி. போ!"

போனான்.

இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. பூனை மாதிரி பின்னால் வந்தான். சகோன் வாசலைப் பார்த்தபடி வெறும் உரலில் டொக் டொக்கென்று இடித்துக்கொண்டிருந்தார்.

ஓங்கினான்.

அடித்தான்!

கத்தரிக்காய் இரண்டாக ஒடிந்தது. நன்றாகவே கொன்றுவிட்டான். கையில் மிஞ்சிய பாதியைப் பார்த்தான்.

"ஐயோ...!" என்று சகோன் நீட்டி முழக்கி, அடி விழுந்த வேகத்தில் முன்பக்கம் சரிந்தார். தலை வாசலைப் பார்த்தது. தொண்ணூறு கிலோவும் பின்னால் நீண்டது.

கூட்டம் 'ஹா!' என்று மூச்சை இழுத்தது.

சகோனின் இரண்டு பாதங்களும் நேராகச் சுவர் அலமாரியைப் பார்த்தன. அங்கே மல்லிகைச் சரம் சூடிய புத்தர்!

"எருமை!" கேப்டன் பாய்ந்தார். முகம் வெளுத்திருந்தது. கை தானாகக் கழுத்துத் தாயத்தைப் பிடித்தது. "சாமி பக்கமாடா காலை நீட்டுவே? எடு! பாவம்டா! அன்னிக்கு அவ இப்படி விழுந்தப்பவே நான் எவ்வளவு பதறிப் போய்த் திருப்பி வச்..."

நின்றார்.

ஜன்னலோரம் சிரிப்பு நின்றது.

கணவாய் சுடுகிறவனின் விசிறி நின்றது.

லம்டுவான்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்குன்னா... என்னிக்கு கேப்டன்?"

"போட்டோவுல... போட்டோவுல பார்த்தேன்னு சொல்ல வந்தேன்."

"போட்டோ என்கிட்டயும் இருக்கே! அதுல கால் வாசல் பக்கம் இருக்கு. தலைதான் புத்தர் பக்கம். வாசலைப் பார்த்து இடிச்சிட்டிருந்தவங்க பின்னாலேர்ந்து அடி வாங்கினா அப்படி விழ முடியாதே கேப்டன்... யாரோ திருப்பி வச்சிருக்காங்க!"

"நேரலையை நிறுத்து!"

"நாற்பதாயிரம் பேர் பார்க்கிறாங்க. எல்லார்கிட்டயும் கேட்டுட்டு நிறுத்தறேன்."

கேப்டன் வாசலுக்கு நடந்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் பழக்க தோஷத்தில் விறைத்து நின்று சல்யூட் வைத்தார்கள்.

நிரன் பார்த்துக்கொண்டே நின்றான். போகிறார். ஜீப்பில் ஏறப் போகிறார். நாளைக்கு நேரலையே பொய் என்பார். கையெழுத்து மட்டும் என்னுடையதாகவே இருக்கும். கத்த நினைத்தான். குரல் வரவில்லை. உடைந்த பாதிக் கத்தரிக்காயை மட்டும் இறுகப் பிடித்திருந்தான்.

வாசலை ஏதோ அடைத்தது.

கைலியும் அட்டையுமாகச் சகோன்!

"வழியை விடு சகோன்."

"பதினெட்டு வருஷம் உங்களுக்கு வழி விட்டேன் சார்." சகோனின் குரல் நடுங்கியது. ஆனால் கால் நகரவில்லை. "வியாழக்கிழமை தவறாம ஜீப்பை இந்தத் தெரு முனையில நிறுத்தச் சொல்லிட்டு நடந்து போவீங்க. மசாஜுக்குப் போறீங்கன்னு நினைச்சேன். முகமே தெரியாதுன்னீங்களே சார்... எந்த முகம்?"

கேப்டனின் தோள் இறங்கியது.

திரும்பி வந்தார். புத்தருக்கு முன்னால் மண்டியிட்டார்.

"ஏழு வருஷம்..." என்றார் யாரிடமோ. "சின்ன வீடாவே இருந்து அலுத்துப் போச்சுன்னா. ஞாயித்துக்கிழமை என் பெண்டாட்டியைப் பார்க்க வரப் போறேன்னு நின்னா. மீட்டிங்லேர்ந்து விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வந்து கெஞ்சினேன். கேட்கலை. இடிச்சுக்கிட்டே இருந்தா. குழவியைப் பிடுங்கினேன்... அப்புறம் துடைச்சுப் போட்டேன்..."

"எதுக்கு சார் திருப்பி வச்சீங்க?" நிரனுக்கு இப்போதுதான் குரல் வந்தது.

"தினம் சாமிக்குப் பூ வைக்கிறவடா. அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலை."

"என்னை மட்டும் விட்டுட்டுப் போக மனசு வந்துச்சா சார்?"

 சகோன் கேப்டனின் கைகளைப் பின்னால் மடக்கி விலங்கு மாட்டினார். மாட்டும் முன் ஒரு கும்பிடு போட்டார். என்ன இருந்தாலும் மேலதிகாரி!

அரைமணி நேரத்தில் ஜீப் போனது. கூட்டம் கலைந்தது. செருப்பு எறிந்த கிழவி வந்து செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

நிரன் படியில் உட்கார்ந்திருந்தான். 

சகோன் பக்கத்தில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"தம்பி, நாளைக்கு ஒரு நாள் லீவு மிச்சம் இருக்குல்ல? அழகான கடல். குளிச்சிட்டுப் போயேன்!"

நிரன் பையைத் தோளில் மாட்டினான்.

"வேண்டாம்ணே... சும்மா பார்க்க வந்ததுக்கே கொலைக்கேஸ். குளிச்சேன்னா ஆயுள் தண்டனைதான்!"