முடிக்காத தண்டவாளம்

ஒன்பது மணிக்கு அலுவலர் வருகிறார் என்றால், எட்டரைக்கே லோகித் பொம்மை ரயில் ஓடும் பெரிய பலகைக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். அறுபத்து மூன்று வயதில் அது லேசான காரியமில்லை. மண்டியிட்டு, ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து அட்டை மலையின் அடிப்பக்கம் வரை போக வேண்டும். அங்கேதான் திருப்புப் பெட்டி இருந்தது. அதன் மூன்றாவது திருகைத் தளர்த்தி, சிவப்புக் கம்பியை இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செருகி, ரப்பர் உறையின் மேல் திருகு உட்காரும்படி இறுக்குவார். பார்ப்பவர்களுக்குக் கம்பி ஒழுங்காக மாட்டியிருப்பது போலவே தெரியும். ஆனால் அதன் வழியே மின்சாரம் போகாது.

கைப்பணி அலுவலர் பர்வீன் சரியாக ஒன்பதுக்கு வந்தார். கையில் பதிவுத் தட்டு, தோளில் வெயில் துணி. கூடத்தை முழுதாக அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பலகையைச் சுற்றிவர அவர் சுவரோடு ஒட்டி நடக்க வேண்டியிருந்தது. ஒரு முனையில் ஜோலார்ப்பேட்டைச் சந்திப்பு, தீப்பெட்டி அளவு அறைகளோடு. மறுமுனையில் அட்டையும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய ஏலகிரி மலை. இரண்டையும் இணைத்துப் பதினான்கு வளைவுகளில் ஏறும் ஒற்றைத் தண்டவாளம். உண்மையில் ஏலகிரிக்கு யாரும் ரயில் விட்டதில்லை. இந்தக் கூடத்தில் மட்டும்தான் அது போயிற்று.

"ஓட்டுங்க சார்."

லோகித் குமிழைத் திருப்பினார். இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு எஞ்சின் கிளம்பியது. பாலத்தைத் தாண்டியது, குகைக்குள் நுழைந்து வெளியே வந்தது, பதினான்கு வளைவையும் ஏறிற்று. உச்சியில் தண்டவாளம் ஒரு வளையமாகச் சுற்றித் தன்னோடு தானே வந்து சேரும். வந்த வண்டி அப்படியே திரும்பிக் கீழே இறங்குவதற்கான ஏற்பாடு. ஆனால் அந்த வளையத்தில் ஒரு சிக்கல் உண்டு. சுற்றி வரும்போது சிவப்புக் கம்பியில் இணைந்த தண்டவாளம் கறுப்புக் கம்பியில் இணைந்ததோடு போய் முட்டும். சரியான நொடியில் இரண்டையும் மாற்றிவிடுவதுதான் திருப்புப் பெட்டியின் வேலை. பெட்டி வேலை செய்யவில்லை. சக்கரம் இணைப்பைத் தொட்டதும் டப்பென்று மின்சாரம் நின்றது. சந்திப்பின் விளக்குகள்கூட அணைந்தன.

"ஆறாவது தடவை சார்," என்றார் பர்வீன்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன் மேடம். எங்கே தப்புன்னு பிடிபடல."

"மேலிடத்துல கேக்கறாங்க. ஒரு நிபுணரை அனுப்பட்டுமான்னு."

"அனுப்பாதீங்க. கண்டுபிடிச்சிடுவேன்."

அவர் லோகித்தின் முழங்கையில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தார். தட்டில் 'முடியவில்லை' என்று பதிந்துகொண்டு போனார்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை என்று ஏதும் மிஞ்சாமல் போய் இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. வேலை போன பின்பு வந்தது வெறுங்கை நோய். விரல்கள் மரத்து, சொற்கள் தடுமாறி, நாளெல்லாம் சுவரைப் பார்த்து உட்காரவைக்கும் நோய். அதற்கு மருந்தாகத்தான் கைப்பணித் திட்டம் வந்தது. நெய்யலாம், செதுக்கலாம், ரயில் கட்டலாம்; கேட்ட பொருளை அரசு கொடுக்கும். ஆனால் பூமியில் தோண்ட இனிச் செம்பு இல்லை. இருக்கிற செம்புதான் கை மாறிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு விதி: பணி முடிந்ததும் முடிவுச் சான்று கொடுப்பார்கள், பதினைந்தாம் நாள் பொருளெல்லாம் கிடங்குக்குத் திரும்பிவிடும். முடியாத பணியில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. பாதியில் பறிகொடுத்தவர்களுக்கு நோய் இரட்டிப்பாகத் திரும்பியதைப் பார்த்த பிறகு எழுதிய சட்டம் அது.

மலையும் பாலமும் லோகித் கட்டியவை. கம்பிகள் ஜோஷிகா போட்டவை. அவர் மனைவி. ஐந்து வருடம் அவள் அந்தப் பலகைக்கு அடியிலேயே வாழ்ந்தாள் என்று சொல்லலாம். முதுகெலும்பு மாதிரி பலகை நீளத்துக்கும் ஓடும் இரண்டு தடித்த கம்பிகள். அவற்றிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஏறும் மெல்லிய கிளைகள், நூற்றுக்கும் மேல். கிளைகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துத் தையல் நூலால் கட்டியிருந்தாள். ஒவ்வொரு கொத்திலும் ஒரு காகித நறுக்கு. 'பாலம், இடது.' 'குகை வாசல்.' சில நறுக்குகளில் வேறு ஏதாவது இருக்கும். 'இங்கே கையைச் சுட்டுக்கொண்டேன்.' 'லோகித், இதைத் தொட்டால் பேச மாட்டேன்.' கடைசி இணைப்பைப் பற்றவைத்த அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அது நடந்து மூன்று வருடம்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் முதல் மாடி இன்பராஜ். எழுபத்திரண்டு வயது, மர முக்காலி செய்கிறவர். இதுவரை பதினொரு முக்காலி முடித்து, பதினொன்றையும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தவர். ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் உள்ளே வந்தபோது ரயில் உச்சி வளையத்தைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இன்பராஜ் அதையும் லோகித்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் விடு தம்பி," என்றார்.

அதற்குப் பிறகு எல்லா மாலையும் வந்தார். விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மே மாதம் ஒன்பதாம் தேதி காலையில் அவர்கள் குடியிருந்த நான்காம் தொகுதியின் குளிர்நீர் மோட்டார் எரிந்துபோனது. அந்தத் தொகுதியின் நூற்றிருபது வீடுகளுக்கும் சுவர்தான் உயிர். ஆழத்திலிருந்து ஏறும் நீர் சுவருக்குள் இருக்கும் குழாய்களில் ஓடி வீட்டைக் குளிர்விக்கும். சுவர்க்குளிர் என்பார்கள். வெளியே ஐம்பத்திரண்டு பாகை வெப்பம். மோட்டார் நின்ற இரண்டு மணி நேரத்தில் சுவர்கள் வெதுவெதுப்பாகிவிட்டன. மாலையில் தோசைக்கல்லைப் போலிருந்தன.

மோட்டாருக்கு மறுபடி கம்பி சுற்ற நாலு கிலோ செம்பு வேண்டும். கிடங்கில் வரிசைப்படி கிடைக்க ஒன்பது நாள். தொகுதியே செம்பைச் சேர்த்துக் கொடுத்தால் கிடங்கின் எந்திரம் ஒரு மணி நேரத்தில் சுற்றிக் கொடுத்துவிடும். இன்பராஜின் மகள் கெசியா ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வீடு வீடாக ஏறினாள். லோகித்தின் வாசலுக்கு வந்தபோது அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாளியில் ஒரு பழைய செம்பு விளக்கு, இரண்டு சாவி, ஒரு பிள்ளையின் தோடு, கொஞ்சம் ஒயர்.

"எல்லாம் சேத்தாலும் அரைக் கிலோ தேறாது சித்தப்பா. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குதா?"

அவள் கண் கூடத்துப் பக்கம் போயிற்று. லோகித் அதைப் பார்த்தார்.

"அது இன்னும் முடியலையேம்மா," என்றார்.

"ஆமா, தெரியும். முடியாததுல கைவைக்கக் கூடாது. நான் அதக் கேக்கல." அவள் அவசரமாகச் சொன்னாள். "வேற துண்டு துக்கடா ஏதாச்சும்..."

சமையலறையிலிருந்து ஒரு பழைய சுவிட்சைக் கழற்றிக் கொடுத்தார். அவள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த படியேறினாள். லோகித் கதவைச் சாத்தினார்.

அன்று மாலை இன்பராஜ் வரவில்லை. லோகித்தே கீழே இறங்கிப் போனார். தரைத்தளக் கூடத்தில் பனிக்கட்டிகளை அடுக்கிக் கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் படுக்க வைத்திருந்தார்கள். இன்பராஜ் அங்கே இல்லை. தன் வீட்டு வாசலில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்ணா இங்க இருக்கீங்க? கீழ போய்ப் படுக்கலாம் இல்ல?"

"நான் ஒருத்தன் படுக்கிற எடத்துல நாலு கொழந்தைங்க படுக்கும்பா. எனக்கு ஒண்ணும் இல்ல. வெயில் பாக்காத ஒடம்பா இது."

பேசும்போது மூச்சு வாங்கியது. லோகித் நின்றுகொண்டே இருந்தார். கேளுங்கள், கேட்டால் கொடுத்துவிடுகிறேன் என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது. இன்பராஜ் கேட்கவில்லை. துண்டை வாளியில் நனைத்துப் பிழிந்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டு, "சாப்ட்டியா?" என்றார்.

மறுநாள் காலை விழித்தபோதே லோகித் முடிவு செய்திருந்தார். கொடுத்துவிட வேண்டியதுதான். பர்வீனைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தார். எடுத்தவர் வைத்துவிட்டார். கம்பி போகட்டும், அது போன வழியையாவது வைத்துக்கொள்ளலாமே என்று ஓர் ஆசை. எந்தக் கொத்து எங்கே போகிறது, எந்த நறுக்கில் என்ன எழுதியிருக்கிறாள் என்பதை ஒரு தாளில் வரைந்துகொண்டால் போதும். ஒரு மணி நேரம் ஆகும். மிஞ்சினால் இரண்டு.

பலகைக்கு அடியில் காற்றே இல்லை. வியர்வை கண்ணில் வழிந்து எரிந்தது. அவர் பென்சிலால் ஒவ்வொரு கொத்தாக வரைந்தார். அவள் எழுத்தை அதே சாய்வில் எழுதப் பார்த்தார், வரவில்லை, அழித்து மறுபடி எழுதினார். குகைக்கு உள்ளே, கை எளிதில் எட்டாத ஓர் இடத்தில், இதுவரை பார்க்காத ஒரு நறுக்கு கிடைத்தது. 'இதைப் படிக்கிறாய் என்றால் ஏதோ தப்பாகிவிட்டது. பயப்படாதே, முதலில் திருகுகளைப் பார்.' அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே கிடந்தார். அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை, முகம் முழுக்க ஈரமாகத்தான் இருந்தது.

வெளியே வந்து மணியைப் பார்த்தபோது மூன்றரை.

கூப்பிட்டதும் பர்வீன் நாலு மணிக்கு ஓடி வந்தார். லோகித் திருகைச் சரிசெய்திருந்தார். எஞ்சின் பதினான்கு வளைவையும் ஏறி, உச்சியைச் சுற்றி, தடையில்லாமல் இறங்கிச் சந்திப்பில் வந்து நின்றது. பர்வீன் ரயிலைப் பார்க்கவில்லை. லோகித்தைத்தான் பார்த்தார்.

"எவ்வளவு நாளா சார்?"

"மூணு வருஷம்."

அவர் தட்டில் 'முடிந்தது' என்று பதிந்தார். பதினைந்து நாள் தவணை வேண்டாம் என்று லோகித் கைரேகை வைத்தார். மேல்மாடிப் பெண்கள் இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். தடித்த கம்பிகளை வெட்டியது லோகித்தேதான். கிளைகளை உருவ உருவத் தையல் நூல்கள் அறுந்து தரையில் உதிர்ந்தன. எடை போட்டபோது நாலு கிலோ நூற்று அறுபது கிராம் இருந்தது.

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கும்போதுதான் முதல் மாடியில் கூட்டம் நிற்பதைப் பார்த்தார். இன்பராஜின் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே தரையில் ஈரத்துணிகள் சிதறிக் கிடந்தன. ஒருவர் விலகி வழிவிட்டு, தாழ்ந்த குரலில், "இப்பத்தான், அரை மணி ஆச்சு," என்றார். பிறகு மூட்டையைப் பார்த்துவிட்டு, "செம்பா? கிடைச்சிடுச்சா?" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை லோகித்தால் தாங்க முடியவில்லை. யாரோ மூட்டையை வாங்கிக்கொண்டு கீழே ஓடினார்கள்.

ஆறு மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது. எட்டு மணிக்குள் சுவர்கள் வேர்த்தன. மாடிப்படியெங்கும் பிள்ளைகள் கன்னத்தைச் சுவரில் ஒட்டிவைத்துச் சிரிப்பது கேட்டது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் லோகித் கெசியாவின் வீட்டுக்குப் போனார். அவள் அப்பாவின் பன்னிரண்டாவது முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கால்தான் பொருத்தியிருந்தது. உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்த ரயில் அன்னைக்குத்தான் சரியாச்சுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அப்படி இல்ல. மூணு வருஷமா அது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நீ வாளியோட வந்தப்பவும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

கெசியா துணியைக் கீழே வைத்தாள்.

"தெரியும் சித்தப்பா."

"தெரியுமா?"

"மொத நாள் ராத்திரியே அப்பா சொன்னாரு. நான் ஒடனே செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பினேன், உங்ககிட்ட கேட்டுடலாம்னு. கையப் புடிச்சுக்கிட்டாரு. 'அது அவன் பொஞ்சாதி, கம்பி இல்ல. நீ கேக்காத, தானா வருவான்'னாரு."

லோகித் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுநாள் பூரா படிக்கட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு," என்றாள் அவள். "மத்தியானம் பேச்சு கொளற ஆரம்பிச்சுது. அப்பவாச்சும் நான் மேல வந்திருக்கணும். நாப்பது படி. அவரு வேணாம்னு சொன்னாரேன்னு ஒக்காந்துட்டேன். ஊர்ல எல்லாரும் உங்களக் கும்புடறாங்க. எனக்கு உங்க மேல கோவம் வரணும் சித்தப்பா. வரல. என் மேலயே போயிருது."

லோகித் அந்த இரண்டுகால் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். குளிர்ந்த சுவரில் முதுகு படாமல், கொஞ்சம் தள்ளி. அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.