வாயில் கவ்விய பின்

மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பஃபலோ ரோட்டுப் பின்சந்தில், வடிவேலுவின் பட்டறை வாசலில் ஒரு லாரி நின்றது. பின்சக்கரம் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றை இரண்டு பேர் இறக்கினார்கள். புதுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு மங்களம் வந்தாள்.

பெல்ட்டில் ஓடும் அந்த வண்டியை வடிவேலுவுக்குத் தெரியும். அவள் புருஷன் மருதப்பனுடையது. நாற்பது நாளுக்கு முன், செம்பவாங் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போகிற வழியில் சக்கரம் கழன்று லாரிக்கடியில் போனான். முந்தின நாள்தான் வடிவேலு அந்தச் சக்கரத்துக்கு டயர் மாற்றி மாட்டிக் கொடுத்திருந்தான்.

"மாட்டுங்கண்ணே. என் தம்பி ஓட்டப் போறான்."

"நாளைக்கு வாயேன்லா, தங்கச்சி. மழை வருது."

"நகர மாட்டேன். அவரு கள்ளு குடிச்சிட்டு விழுந்தாருன்னு போலீசுல சொன்ன வாய் இதுதானே? கள்ளுக்கடை எந்தப் பக்கம்னே தெரியாத மனுஷன்!"

வடிவேலுவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. ஸ்பானரை எடுத்தான்.

நட்டு கழலாமல் இருக்க, அச்சின் துளையில் ஒரு பின்னைச் செருகி அதன் இரண்டு கால்களையும் மடக்க வேண்டும். கை வேலையாய் இருக்கையில் பின்னை உதட்டில் கவ்விக்கொள்வது அவன் வழக்கம். மருதப்பனுக்கு மாட்டிய அன்றைக்கும் கவ்வினான். யாரோ கூப்பிட, பேசுவதற்காக எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்; அப்படியே மறந்துபோனான். மருதப்பன் செத்த சேதி வந்த பிறகுதான் அது நெஞ்சில் குத்தியது. அதைச் சாக்கடையில் எறிந்துவிட்டுத்தான் போலீசுக்குப் போனான்.

மழை தகரக் கூரையை அறைந்தது. சாக்கடைச் சேறும் எரிந்த ரப்பரும் கலந்து நாறின. சக்கரத்தை அச்சில் ஏற்றினான். பெல்ட்டை இழுத்து மாட்டினான். நட்டை முறுக்கினான்.

"பின்னா..."

காதோரம் ஓர் ஆண்குரல். திடுக்கிட்டுப் பின்னால் திரும்பினான். சுவர்.

"பின்னா..."

மறுபடி திரும்பினான்.

யாருமில்லை.

"எவன்டா அது!"

"பின்னால என்னடா பாக்குற? பின்னு எங்க?"

மருதப்பனின் குரல். உயிரோடு இருந்தவரை யாரையும் 'டா' போட்டுப் பேசாதவன்.

"யாரைத் திட்டுறீங்க?" மங்களம் கிட்டே வந்தாள். "என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. அவரு குடிச்சிருந்தாரா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

நாக்கில் எதுவோ குத்தியது.

துப்பினான். ரத்தத்தோடும் சேற்றோடும் ஒரு பின் விழுந்தது. அதன் கால்கள் இரண்டும் நேராக இருந்தன, ஒருமுறைகூட மடக்கப்படாமல்.

"நான் போடல, தங்கச்சி," என்று முனகினான். "அவரு குடிக்கல."

மங்களம் அதை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. நடங்க!"

மழையில் நடக்க நடக்க வடிவேலுவின் புத்தி தெளிந்தது. ஓர் இரும்புத் துண்டு என்ன சாட்சி சொல்லும்? மாற்றிச் சொல்லிவிடலாம்.

ஸ்டேஷனில் தமிழ்க் கான்ஸ்டபிள் மங்களம் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "பின்னு எங்கம்மா?" என்றார்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

ஈரம் மட்டுமே இருந்தது.

கான்ஸ்டபிள் வடிவேலுவை நிமிர்ந்து பார்த்தார். அவன் இறுக மூடிய உதடுகளுக்கு நடுவே, இரண்டு இரும்புக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.