பொன்னுராஜின் இழைப்புளி

தேவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாரல் பிடித்துவிட்டது. ஏசுதாசன் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி அண்ணன் வீட்டுச் சந்துக்குள் நடந்தான். போடியில் ஏலக்காய்க் கடையில் குமாஸ்தா. நான்கு நாள் லீவு போட்டிருந்தான். எழுபத்து நாலாம் வருஷம், ஆடி மாதம். அண்ணன் பொன்னுராஜ் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

பிள்ளை இல்லாத மனிதர். சாகும்முன் மனைவி அன்னத்தாயிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: தச்சுச் சாமான்கள் தம்பிக்கு. தாத்தாவும் அப்பாவும் பிடித்துப் பிடித்து, கைப்பிடிகள் தேய்ந்து மினுங்கிய சாமான்கள். ஏசுதாசனும் இளவயதில் அவற்றில் வேலை பழகியவன்தான். சாமான் பெட்டியோடு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட நினைத்திருந்தான். அன்னத்தாய் விடவில்லை.

“இங்கன வச்சே தொடச்சுத் தீட்டச் சொன்னாக, கொழுந்தனாரே. பெறகு கொண்டுபோகட்டும்னாக.”

அவன் தரையைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் முகத்தை நேராகப் பார்த்து இருபது வருஷம் இருக்கும்.

கொல்லைப்பக்கத் தகரக் கொட்டகைதான் பட்டறை. கதவைத் தள்ளியதும் துருவும் ஈரமண்ணும் கலந்த வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொன்று. இப்போதுதான் அறுத்த தேக்கின் வாசனை. உள்ளே இரண்டு வேப்பம்பலகை கிடந்ததே தவிர, தேக்குச் சில்லுகூட இல்லை.

அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

இருபது வருஷத்துக்கு முன் ஊர்க் கோயிலுக்குப் புதிய பிரசங்க மேடை செய்ய, இந்தக் கொட்டகையில்தான் தேக்குப் பலகைகளை இறக்கினார்கள். ஒரு வாரத்தில் நான்கு பலகைகள் காணாமல் போயின. எடுத்துக் கம்பத்து மரக்கடையில் தள்ளியவன் ஏசுதாசன். போதகரும் சபைப் பெரியவர்களும் கூப்பிட்டு விசாரித்தபோது, “அண்ணன் பொறுப்புலதான இருந்துச்சு” என்றான். அவ்வளவுதான் சொன்னான். பொன்னுராஜ் தம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. மலையேறிக் கேரளப் பக்கத்து எஸ்டேட்டுகளில் கதவும் ஜன்னலும் செய்து பிழைத்தார். ஞாயிறுதோறும் மனைவியைக் கோயில் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை தெருவிலேயே நிற்பார். மழையானாலும் அங்கேதான் நிற்பார்.

முதல் நாள் உளிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செங்கல் பொடி தொட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தான். இழைப்புளியைக் கழற்றி, இரும்பைச் சாணைக்கல்லில் தீட்டி, கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி வைத்தான். மத்தியானம் அன்னத்தாய் சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டாவது கவளத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்ர்ர்க்.

ஸ்ஸ்ர்ர்க்.

பட்டறையில் யாரோ பலகை இழைத்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாக, ஒரே சீராக.

அவன் கை சோற்றிலேயே நின்றது. அன்னத்தாய் ரசம் ஊற்றினாள்.

“தெனமும் கேக்குறதுதான். சாப்பிடுங்க.”

போய்ப் பார்த்தபோது பட்டறையில் யாரும் இல்லை. இழைப்புளி அவன் வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் தரை முழுக்கச் சுருள் சுருளாகச் சீவல்கள். ஒன்றை எடுத்து முகர்ந்தான்.

தேக்கு.

மறுநாள் தீட்டியது சரிதானா என்று பார்க்க, வேப்பம்பலகை ஒன்றை மேசையில் வைத்து இழைத்தான். வெளியே பட்டப்பகல். சாரல் விட்டு, தகரத்தின் ஓட்டைகள் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது. நாலு இழுப்பு இழுத்திருப்பான். கைப்பிடி சூடானது. இரும்பின் சூடு இல்லை, உடம்புச் சூடு. பிறகு அவன் புறங்கையின் மேல் ஒரு கனம் அமர்ந்தது. காய்ப்பு ஏறிய ஒரு பெரிய கை.

அவன் கைக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

கை விலகவும் இல்லை. வேலை பழகிய நாளில் அண்ணன் பிடித்து அழுத்தியது போலவே அழுத்தி, முன்னும் பின்னும் இழுத்தது. பிடரியில் மூச்சு பட்டது.

“ஏலே… சொல்லிரு.”

கோபமே இல்லாத குரல். அதுதான் அவனை உலுக்கியது. இழைப்புளியைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினான். அன்னத்தாயின் முன் உட்கார்ந்து, பலகை எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினான். அவள் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கினாள்.

“எனக்குத் தெரியும். அவுக ஒருநாளும் சொல்லல. அன்னைக்கு நீங்க அவுக மொகத்தப் பாக்கவே இல்ல. அதுலயே தெரிஞ்சுபோச்சு.” முறத்தைக் கீழே வைத்தாள். “எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? கோயில்ல சபைக்கு முன்னால போய்ச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான். சனிக்கிழமை முழுதும் மற்ற சாமான்களைத் துடைத்துத் தீட்டினான். பட்டறை அமைதியாக இருந்தது. மனசுகூட லேசான மாதிரி இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடியும் நேரம், அண்ணனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டு முன்னால் போனான். போதகர் நகர்ந்து இடம்விட்டார். பெண்கள் வரிசையில் அன்னத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊரே அவனைப் பார்த்தது. வெள்ளைச் சட்டை போட்ட, போடியில் உத்தியோகம் பார்க்கிற ஏசுதாசனை.

சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“கோயில் பலகை விஷயத்துல…” என்று தொடங்கினான். “எங்கண்ணன் செஞ்ச தப்புக்கு, அவருக்காக நான் சபைகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுறேன்.”

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே ஒரு கணம் விளங்கவில்லை. பெரியவர் ஒருவர் எழுந்து வந்து அவனைத் தட்டிக்கொடுத்தார். நல்ல தம்பி என்றார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்னத்தாய் மட்டும் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அவன் திருத்திச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. நின்றுகொண்டே இருந்தான்.

அவன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியபோது சாமான் பெட்டி தெருவில் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. தட்ட முகமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போடி பஸ் ஏறினான்.

திங்கட்கிழமை காலையில் அவன் மனைவி சாராள் அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து, முதுகில் இது என்ன என்று கேட்டாள். கழுத்திலிருந்து இடுப்புவரை நேராக, மயிரிழை பிசகாமல் ஒரு காவிக் கோடு. அறுக்கும்முன் மரத்தின்மேல் காவி நூல் வைத்துச் சுண்டுவார்களே, அது மாதிரி. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தச் சட்டையை எரித்துவிட்டார்கள்.

புதன்கிழமை அவன் குளிக்கும்போது முதுகு தேய்க்க வந்த சாராள், செம்பைக் கீழே போட்டாள். கோடு தோலில் இருந்தது. அதன் குறுக்கே, தோளிலிருந்து தோளுக்கு, புதிதாக இன்னொன்று விழுந்திருந்தது.

அதன் காவி இன்னும் காயவில்லை.