பெயரில்லாத நான்காவது கருவி

ரவுட்டரின் பதிவில் நான்கு கருவிகள் இருந்தன. வீட்டில் இருப்பவை மூன்றுதான்: சோஜனின் போன், டிவி, ஜின்ஸியின் போன். நான்காவதற்குப் பெயரே இல்லை. ஜின்ஸி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதித்துக்கொண்டிருக்கும் மத்தியானங்களில் மட்டும் அது வந்தது. வீடு திரும்ப அவள் காஞ்சிரப்பள்ளிக்குப் பஸ் ஏறும் நேரத்தில் போய்விட்டது.

"புதுசா ஒரு கருவி வைஃபைக்குள்ள நுழைஞ்சா, கல்யாண வீட்டு மாமி மாதிரி எல்லாரையும் நீ யாரு, நீ யாருன்னு விசாரிக்கும் சேச்சி," என்று லேபில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஷிபு பதிவைப் பார்த்துச் சிரித்தான். "ஆனா இது, அந்த நேரத்துல வீட்டுலயே இல்லாத உங்க போனை மட்டும்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

ஜின்ஸி மனசுக்குள் கணக்குப் போட்டாள். வீட்டோடு இருக்கும் புருஷன், ஆள் நடமாட்டமில்லாத ரப்பர் தோட்டம், நடுவில் எவளோ ஒருத்தி. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, அதற்குள்ளா! செத்துப்போன முதல் பெண்டாட்டி மெர்லினோடு மல்லுக்கு நிற்பதே பெரும்பாடாக இருந்தது. வைஃபை பாஸ்வேர்டுகூட மெர்லின் பெயர்தான். மீன் கறி வைத்தால், "அவ குடம்புளி இன்னும் ரெண்டு சுளை கூடப் போடுவா," என்பான் சோஜன்.

பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தாள். மறுநாளும் அது வந்திருந்தது. அப்படியானால் அவனேதான் கொடுத்திருக்கிறான். பாவி!

இன்று சோஜன் கோட்டயம் போனதும் அவள் லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தாள். வருகிறவள் வரட்டும், முடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளுகிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தாள். துலாமாத மேகம் கவிந்து மத்தியானமே இருட்டியது. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையிலிருந்து கருகிய வாடை ஈரக்காற்றோடு உள்ளே வந்து திரைச்சீலைகளில் ஒட்டிக்கொண்டது. தூரத்து மலையில் இடி உருண்டது.

போன் அடித்தது. சோஜன்தான். "எடீ கொச்சே, லீவு போட்டியாமே? அங்க இடி வருதா? எல்லாத்தையும் பிடுங்கிப் போடு. போன மாசம் மோடம் கருகினது ஞாபகம் இருக்கில்ல?"

"இச்சாயா, நான் இல்லாதப்ப இங்க யாரு வர்றா?"

"யாரு வருவா? மழையில ரப்பர் பால் வெட்ட வர்ற ஆளுகூட வர்றதில்ல. உனக்கு என்ன பைத்தியமா? நான் வந்துக்கிட்டிருக்கேன்."

அந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். டிவி, பிரிட்ஜ் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வெளிக்கம்பத்திலிருந்து வரும் இன்டர்நெட் ஒயரையும் கழற்றிப்போட்டாள். ரவுட்டர் மட்டும் தன் குட்டி பேட்டரியில் பச்சையாக மினுங்கியது. இனி வீட்டுக்குள் இருப்பவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டால்தான் உண்டு.

தன் போனில் ரவுட்டரின் பட்டியலைத் திறந்தாள். இரண்டு இருந்தன. ஒன்று அவளுடையது.

மற்றது பெயரில்லாதது. சிக்னல் முழுசாக இருந்தது. வீட்டுக்குள்ளேதான்.

"வெளிய வாடி!" என்று கத்தினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், குளியலறையில் பார்த்தாள். மெர்லினின் அலமாரி மட்டும் பாக்கி. சோஜன் அதை எப்போதும் பூட்டியே வைத்திருப்பான். மாதா படத்துக்குப் பின்னால் இருந்த சாவியை எடுத்துத் திறந்தாள்.

ஈர மண் வாசனை அடித்தது. நடுத்தட்டில் பட்டுப் பொதி ஒன்று. கட்டிலில் உட்கார்ந்து, மடியில் வைத்துப் பிரித்தாள். உள்ளே பழைய போன். பின்மூடி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய குழியில் ஒன்றுமில்லை. செத்த போன். இதற்காகவா இத்தனை நாள் வெந்து செத்தேன் என்று சிரிப்பு வந்தது.

பிறகுதான் பட்டைப் பார்த்தாள். சந்தன நிறம், பொன் கரை. மந்திரகோடி. மின்னுத்தாலி கட்டும் நாளில் மாப்பிள்ளை பெண்ணின் தலையில் போடுவது. செத்தால் அதையே போர்த்தி அடக்குவார்கள். மெர்லினுக்கும் போர்த்தினார்கள். அடக்கத்தின் ஆல்பத்தில் ஜின்ஸியே பார்த்திருக்கிறாள். இதே கரை.

கரையெல்லாம் செம்மண். இன்னும் காயவில்லை.

கையிலிருந்த அவள் போனில் வரிகள் ஓடின. *நீ யார்? நீ யார்? நீ யார்?*

நின்றது.

பட்டியல் மாறியது. பெயரில்லாததற்குப் பெயர் வந்திருந்தது: ஜின்ஸி.

அவளுடைய வரியில் பெயர் இல்லை.

சமையலறையில் அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம். மீன் கொதிக்கும் வாசனை. குடம்புளி. தூக்கலாக.

முற்றத்தில் பைக் வந்து நின்றது. "எடீ! இன்னிக்குத்தான் கறி சரியா மணக்குது!" சோஜனின் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் கேட்டதே இல்லை.

'இச்சாயா, நான் இங்க இருக்கேன்!' என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"வர்றேன் இச்சாயா!" சமையலறையிலிருந்து பதில் வந்தது. ஜின்ஸியின் குரலில்.

எழப் பார்த்தாள். முடியவில்லை. மடியில் கிடந்த மந்திரகோடி நெஞ்சுவரை ஏறியிருந்தது. தோளோரங்களில் ஈரமாக, இறுக்கமாக, யாரோ அதைச் செருகிக்கொண்டிருந்தார்கள்.