அப்பா விட்ட மேகம்

காலையில் முதலில் எழுவது அப்பா. பால் காய்ச்சுவார். ரொட்டித் துண்டுகளைச் சுடுவார். அதில் ஒன்றாவது கருகும். கருகியதை அவர் எடுத்துக்கொள்வார். பிறகு சில்லுவை எழுப்புவார். சில்லு எழமாட்டாள். மறுபடியும் எழுப்புவார்.

சில்லு ஐந்தாம் வகுப்பு. வகுப்பிலேயே குள்ளம். அதனால்தான் அந்தப் பெயர். அப்பாதான் அவளுக்குச் சடை பின்னுவார். ஒன்று தடியாக வரும், மற்றொன்று மெலிசாக வரும். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

செருப்பு மாட்டியதும் அப்பா சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுப்பார். மூச்சிரைப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. வாயில் வைத்து ஓர் அழுத்து. "ஹா!" வாயிலிருந்து வெள்ளையாக ஒரு சின்ன மேகம் வரும். இன்னோர் அழுத்து. இன்னொரு மேகம். பிறகு படி இறங்குவார். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவார். சில்லு கீழே காத்திருப்பாள்.

இதெல்லாம் நடக்கும்போது சித்தி தூங்கிக்கொண்டிருப்பாள்.

சித்தி அம்மாவின் தங்கை. ஃபார்மசி கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். அம்மா இறந்த பிறகு விடுதியைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிட்டாள். துணி ஒரு பை. புத்தகம் நாலு பெட்டி.

அன்று சில்லு பள்ளிவிட்டு வந்தபோது சித்தி தரையில் படுத்திருந்தாள். முகத்தின் மேல் ஒரு தடிப் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது.

"சித்தி, படிக்கிறியா?"

"இல்ல. அது என்னைப் படிக்குது."

"என்னாச்சு?"

"ஃபெயில்."

"நீயா?"

"ஒரே ஒரு பிராக்டிகல்ல." சித்தி புத்தகத்தை எடுக்காமலே பேசினாள். "தேர்வு வைக்கிற சார் நோயாளி மாதிரி நடிப்பார். இன்ஹேலரை எப்படிப் பயன்படுத்தணும்னு நான் அவருக்கு விளக்கணும். ஒண்ணு விடாம சொன்னேன். புரிஞ்சுதான்னு கேட்டேன். புரிஞ்சுதுன்னு தலையாட்டினார். அப்புறம் ஃபெயில் போட்டுட்டார்."

"ஏனாம்?"

"'நான் வீட்டுக்குப் போய் என்ன செய்வேன்னு உனக்குத் தெரியுமாம்மா?'ன்னு கேட்டார். அவர் வீட்ல அவர் என்ன செய்வார்னு எனக்கு எப்படிடீ தெரியும்?"

சில்லு சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை.

"திங்கட்கிழமை மறுபடி வைக்கிறாங்க. தேறினா இங்கயே, இந்த ஊர் ஆஸ்பத்திரியில பயிற்சி. இல்லன்னா மாத்திரைக் கம்பெனி. அவங்க ஏற்கெனவே கூப்பிட்டாச்சு."

"கம்பெனி எங்க இருக்கு?"

"ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல போகணும்."

சில்லு முதுகுப் பையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டாள். அம்மா இல்லை. சித்தியும் போய்விட்டால் மிச்சம் அப்பாவும் கருகிய ரொட்டியும்தான்.

"மருந்துக் கடையில மாத்திரை எடுத்துக் கொடுக்கறதுக்கு இவ்ளோ படிப்பான்னு கீழ்வீட்டு ஆன்ட்டி கேக்கறாங்க, சித்தி."

"கேப்பாங்க." சித்தி எழுந்து உட்கார்ந்தாள். "மாத்திரையை ஒருத்தர் செய்யணும் இல்லையா? அது வயித்துல சரியான நேரத்துல கரையுதான்னு ஒருத்தர் சோதிக்கணும். புது மருந்து கண்டுபிடிக்கணும். கடையில போலி மருந்து விக்கறவனைப் பிடிக்க அதிகாரி வேணும். எங்க வகுப்புல ஓயாம பேசறவ ஒருத்தி இருக்கா. அவ டாக்டர்களைப் பார்த்து மருந்தைப் பத்திச் சொல்ற வேலைக்குப் போறா. டாக்டருங்க பாவம்."

"நீ மட்டும் ஏன் ஆஸ்பத்திரி?"

சித்தி புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

"உங்கம்மாவுக்கு மருந்து வாங்க நான்தான் ஆஸ்பத்திரி ஜன்னல்ல போய் நிப்பேன். கவரை நீட்டிட்டு 'அடுத்த ஆள்!'னு கத்துவாங்க. ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்ல. அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் நான் நிக்கணும். அவ்ளோதான்."

சில்லு எழுந்தாள். சித்தியின் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டாள். முதுகை வளைத்துக்கொண்டாள்.

"லொக்! லொக்! டாக்டரம்மா, என்னைக் காப்பாத்துங்க!"

"நான் டாக்டர் இல்ல, ஃபார்மசிஸ்ட். கொஞ்சம் மெதுவா இருமு. திங்கட்கிழமை வரைக்குமாவது நோயாளி உயிரோட இருக்கணும்."

கல்லூரியில் பயிற்சிக்குக் கொடுத்த, மருந்தில்லாமல் வெறும் வெண்புகை மட்டும் வரும் இன்ஹேலரை எடுத்துச் சித்தி ஆரம்பித்தாள். "மூடியைக் கழட்டணும், நல்லா குலுக்கணும், மூச்சை முழுக்க வெளிய விடணும், உதட்டை இறுக்கி வெச்சுக்கிட்டு மெதுவா மூச்சை இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தணும், தொடர்ந்து இழுக்கணும், பத்து எண்ணற வரைக்கும் மூச்சை அடக்கணும்..." ரயில் ஓடுவது போல ஓடியது. கடைசியில், "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது!"

சொன்ன பிறகுதான் சில்லு யோசித்தாள். அது அவளுடைய வகுப்புக் குரல். பின்னக் கணக்கு முடிந்ததும் டீச்சர், "புரிஞ்சுதா?" என்று கேட்பார். எல்லோரும் கத்துவார்கள். சில்லு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவாள்.

"சித்தி, எனக்கு எதுவும் புரியல."

"அப்புறம் ஏன் புரிஞ்சுதுன்னே?"

"அப்படிக் கேட்டா அப்படித்தானே சொல்லணும்? எங்க டீச்சர் போர்டுக்குக் கூப்பிட்டு சாக்பீஸைக் கையில கொடுப்பாங்க. அப்பதான் எனக்கே தெரியும், ஒண்ணும் தெரியாதுன்னு. நீயும் சாரை போர்டுக்குக் கூப்பிடு."

"அவ்ளோ பெரியவர்கிட்ட, 'எங்க, செஞ்சு காட்டுங்க'ன்னா? கோவிச்சுக்குவார்டீ."

"முதல்ல அப்பாவைக் கூப்பிட்டுப் பார்க்கலாம்."

அப்பா அலுவலகத்திலிருந்து வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"மாமா, உங்க இன்ஹேலரை எப்படி எடுத்துக்கறீங்க? ஒரு தடவை செஞ்சு காட்டுங்க," என்றாள் சித்தி.

"அதுல காட்ட என்ன இருக்கு? தினமும் செய்யறதுதானே?"

"சும்மா காட்டுங்க."

அப்பா பயிற்சி இன்ஹேலரை வாங்கினார். குலுக்கவில்லை. வாயில் வைத்தார். ஓர் அழுத்து. "ஹா!"

சின்ன மேகம் வெளியே வந்தது. விளக்கடியில் கொஞ்சம் மிதந்தது. காணாமல் போனது.

சித்தி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, தினமும் இப்படியா?"

"ஆமா. ஏன்?"

"அப்போ மருந்து நெஞ்சுக்குள்ள போகவே இல்ல. எல்லாம் வெளிய போயிருக்கு."

அப்பா கையிலிருந்ததைப் பார்த்தார். "இதைக்கூட ஒழுங்கா செய்யல போல," என்றார். ரொட்டி கருகும்போது இருக்கும் அதே முகம். சித்தியும் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு பெட்டிப் புத்தகம் இருக்கும் வீட்டில் தினமும் காலையில் மேகம் பறந்திருக்கிறது.

சில்லுவுக்கு அந்த முகம் பிடிக்கவில்லை.

"அப்பா, தப்பு உங்க மேல இல்ல. உங்களை யாரும் போர்டுக்குக் கூப்பிடல," என்றாள். பிறகு சித்தியிடம் திரும்பினாள். "நீ கேட்ட விதமும் சரியில்ல. 'நான் ஒழுங்கா சொன்னேனான்னு பார்க்கணும், அதுக்காகச் செஞ்சு காட்டுங்க'ன்னு கேளு. அப்ப தப்பு வந்தா அது உன் தப்பு. அவங்களுக்கு வருத்தமா இருக்காது."

சித்தி அவளையே பார்த்தாள். "இந்த வாய்க்கு நீதான் தேர்வுக்குப் போகணும்."

"எனக்கு எட்டாது சித்தி. மேஜை உயரமா இருக்கும்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. ஆனால் சிரித்தார்.

சித்தி மறுபடி சொல்லிக்கொடுத்தாள். இந்த முறை ரயில் ஓடவில்லை. ஒன்று சொல்வாள், நிறுத்துவாள். பிறகு, "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும் மாமா. செஞ்சு காட்டுங்க." முதல் தடவை அப்பா குலுக்க மறந்தார். அடுத்த தடவை அவசரப்பட்டார். அதற்கடுத்த தடவை மேகம் வரவில்லை. சில்லு பத்து எண்ணினாள். வேண்டுமென்றே மெதுவாக எண்ணினாள். அப்பா கண்ணை உருட்டினார்.

திங்கட்கிழமை காலை அப்பா செருப்பு மாட்டினார். குலுக்கினார். இழுத்தார். அடக்கினார். மேகம் இல்லை. பாதிப் படியில் நின்றார், கொஞ்ச நேரம்தான். சித்தி அவருக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாள்.

மாலையில் சில்லு வந்தபோது சித்தி அதே தரையில் படுத்திருந்தாள். காலிலிருந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சித்தி! என்னாச்சு?"

"செஞ்சு காட்டுங்கன்னு கேட்டேன். சார் என்ன பண்ணார் தெரியுமா? மூடியைக் கழட்டாமலே வாயில வெச்சுக்கிட்டார்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான். போன தடவையும் அப்படிச் செய்யத்தான் காத்துட்டு இருந்திருக்கார். நான்தான் கேக்கல. இன்னிக்கு, 'மூடி கழட்டணும்னு நான் அழுத்திச் சொல்லல, மன்னிச்சுக்கங்க'ன்னேன். எழுந்து கை கொடுத்தார்."

"அப்ப ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரி."

"ரயில் இல்ல?"

"இல்ல."

சில்லு சித்தியின் செருப்பைக் கழற்றினாள். ஒரு தலையணையைக் கொண்டுவந்து தலைக்கு அடியில் வைத்தாள்.

"சில்லு, நான் தூங்கப் போறேன்," என்றாள் சித்தி. கண் மூடியிருந்தது. "யார் வந்தாலும் எழுப்பாதே. சாப்பிடவும் எழுப்பாதே. காலையில உங்கப்பாவுக்கு முன்னாடி எழுப்பிடு. நாளைக்கு ரொட்டியை நான் சுடறேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது!" என்றாள் சில்லு.

சித்தி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"எங்க, திருப்பிச் சொல்லு."