மூழ்கக் கூடாத மணல்

டெலிபோன் அலறியது!

கணவனை அடக்கம் செய்த பிறகு அவள் எடுத்த முதல் போன்.

"மேடம்... இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க வீட்டுக்காரர் ஷூவில இருந்த மணலை டெஸ்ட் பண்ணியாச்சு. வெறும் ஆத்து மணலாம். பாலத்துலேருந்து அவரே குதிச்சதா கேஸை மூடிடலாமா?"

"டெஸ்ட் பண்ணது யாரு?"

"உங்க மண் பரிசோதனை லேப் சோடாபுட்டி சார்தான்."

பல வருஷமாக அவளோடு ஒரே மேஜையில் வேலை பார்ப்பவர். கண்ணாடியின் கனத்தால் வந்த பெயர்.

"திரவத்துல போட்டதும் மணல் மிதந்துச்சா... மூழ்கிச்சா?"

"மொத்தமும் அடியில உக்காந்துடுச்சாம். எல்லாம் ஒரே கனம், வேறெதுவும் கலக்கலைன்னார்."



"லேபுக்கு வாங்க சார்."

அழுகை வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

"எங்கம்மா கிளம்பிட்டே?" என்றாள் மாமியார்.

"வேலைக்கு, அத்தை."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தது தெருமுனையில்தான் தெரிந்தது. மாற்றாமலே நடந்தாள்.

லேபில் சோடாபுட்டி பதறி எழுந்தார்.

"நீங்க எதுக்கும்மா வந்தீங்க? ரெஸ்ட் எடுக்கலாமில்ல?"

அவள் நேரே மேஜைக்குப் போனாள். ஸ்டாண்டில் இருந்த கண்ணாடிப் புனலை முகர்ந்தாள். புரோமோஃபார்மின் தித்திப்பு வாசனை. அதோடு... நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன் வாசனை!

மிதக்க வேண்டிய படிகத் துண்டு ஒன்றை உள்ளே போட்டாள்.

மூழ்கியது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து நின்றிருந்தார்.

"சார், இது தண்ணியைவிட கிட்டத்தட்ட மூணு மடங்கு கனமான திரவம். சாதா மணல் இதுல தக்கை மாதிரி மிதக்கணும். எங்க ஊர் பீச் மணல்ல சிவப்பும் கறுப்புமா கனமான துகள் கலந்திருக்கும். அது மட்டும்தான் அடியில இறங்கும்."

"இதுல எல்லாமே இறங்கிடுச்சே?"

"யாரோ அசிட்டோன் கலந்து திரவத்தை லேசாக்கிட்டாங்க. அப்புறம் எது சாதா, எது கனம்னு கடவுளுக்கே தெரியாது!"

"கை தவறியிருக்கும்..." என்றார் சோடாபுட்டி. நெற்றி வேர்த்திருந்தது.

அவள் புது பாட்டிலைத் திறந்தாள். மீதியிருந்த மணலைக் கொட்டிக் கலக்கினாள்.

மூன்று பேரும் புனல் பக்கம் குனிந்தார்கள்.

மணல் மிதந்தது. முழுசும்! சிவப்பும் இல்லை... கறுப்பும் இல்லை... ஒரு துகள்கூட இறங்கவில்லை.

சோடாபுட்டி சிரித்தார்.

"பாத்தீங்களா? கனமா ஒண்ணுமே இல்ல. என் ரிசல்ட் சரிதானே?"

அவள் புனலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றதுகூட வலிக்கவில்லை.

"சரிதான் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "சுத்தமான சாதா மணல். எங்க ஸ்டேஷன் தீயணைப்பு வாளியிலேருந்து நானே அள்ளினது!"

சிரிப்பு பாதியில் நின்றது.

"ஷூ மணலா? அது வேற ஊர் லேபுக்குப் போய் ரிசல்ட்டும் வந்தாச்சு. சிவப்பு, கறுப்பு எல்லாம் இருக்கு... நீங்க பீச்ல கட்டுறீங்களே வீடு, அதுக்குப் பின்னாடி இருக்கிற அதே கலவை. நான் கேக்காமலே நாலு தடவை போன் பண்ணி, 'மணலை எனக்கே குடுங்க'ன்னீங்க. அதான் நூல் விட்டுப் பாத்தேன்."

அவள் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். இவர் தில்லுமுல்லு பண்ணாரான்னு சொல்ல எனக்கு ஆள் வேணும். உங்களைத் தவிர யாரும் இல்ல."

"ஏன் செஞ்சீங்க?" சோடாபுட்டியிடம் கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"கடல் மணல்ல கட்டின ஃப்ளாட்டுக்கு ஆத்து மணல்னு சர்டிபிகேட் குடுத்தேன். இன்ஜினீயர் இல்லையா... உங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சுட்டார். பேசத்தான் பீச் வீட்டுக்குக் கூப்பிட்டேன். தள்ளினதுல தலை கல்லுல மோதி... பயந்து ஆத்துல போட்டுட்டேன்."

"அடக்கம் பண்ண அவரைத் தூக்கிட்டுப் போறப்போ நீங்களும் ஒரு தோள் குடுத்தீங்களே சார்..."

அவர் தலை குனிந்தது.

அவள் புனலைக் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். அப்போதுதான் குனிந்து செருப்பைச் சரியாக மாற்றிப் போட்டாள்.

"நான்... வக்கீலைக் கூப்பிடணும்," என்றார் சோடாபுட்டி.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"தாராளமா! ஆனா கொஞ்சம் வெயிட்டான ஆளா பாருங்க சார்... லேசான ஆளுன்னா அவர் மிதந்துடுவார், நீங்கதான் மூழ்குவீங்க!"